கழுவாத பல்சக்கரம்

கொட்டகைத் தகரத்தில் மதிய வெயில் காய்கிறது. பழைய காரின் கியர் பாக்ஸைப் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே பல்சக்கரங்களைப் போர்வையில் அடுக்கிவைத்த அவளுடைய கணவன் இறந்து ஒரு மாதமாகிறது. அவனுடைய தம்பி அவற்றை அள்ளி மண்ணெண்ணெய் வாளியில் கழுவிக்கொண்டிருக்கிறான். “எல்லாத்துக்கும் பல் விளக்கியாச்சு, அண்ணி” என்று சிரிக்கிறான். “வரிசையா வெச்சிருந்தாரே, தம்பி” என்கிறாள், வாசலில் நிற்கும் அவள். அவன் முகம் சுருங்குகிறது. “வண்டியோட புத்தகத்தைப் பாத்து மாட்டிடலாம்.” போர்வையில் எண்ணெய்க் கறைகள் மட்டும் வட்ட வட்டமாக, வரிசை கலையாமல் இருக்கின்றன. ஓரத்தில் ஒரே ஒரு சக்கரம் இன்னும் கழுவப்படாமல் கிடக்கிறது. அதன் கரிய பிசுக்கில் கணவனின் கட்டைவிரல் தடம். அவள் அதை எடுத்துக்கொள்கிறாள். “அதையும் குடுங்க, அண்ணி. அது இல்லாம வண்டி நகராது.” தடத்தின்மேல் விரல் படாமல், அவள் அதை இரு கைகளாலும் பொத்திக்கொள்கிறாள். “நிக்கட்டும், தம்பி.”