கூப்பிட்டால் கேட்காத தூரம்

நூலகத்தின் மேற்கு ஜன்னல் வழியே சாய்ந்து இறங்கும் மாலை வெயில், தரையில் சம்மணமிட்டிருக்கும் பதினொரு வயதுக்காரியின் மடியில் கிடக்கிறது. வீட்டில் அவளைக் கூப்பிடுவது குருவி என்று. சிறுவர் அலமாரி முழுவதையும் கொறித்து முடித்துவிட்டு, "எல்லாம் சின்னப் புள்ளைங்க கதை ஆன்ட்டி" என்று உதட்டைப் பிதுக்குகிறாள். நூலகர் அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. தானே தேடி ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார். பத்து நிமிஷம் கழித்து மேஜையிலிருந்தே மெல்லக் கூப்பிடுவார். குருவி திரும்பிப் பார்த்தால் அந்தப் புத்தகம் தேறவில்லை என்று அர்த்தம். இதுவரை மூன்று தேறவில்லை. அந்த மூன்றையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்ட அம்மா, "இவளுக்குப் புத்தகம் தேடியே எனக்கு முடி நரைச்சிடும்" என்று அலுத்தபடி நாற்காலியில் சாய்கிறாள். நான்காவதன் அட்டையில் ஒரு கப்பல். மின்விசிறி சுற்றுகிறது, வெளிச்சத்தில் தூசி மிதக்கிறது. "குருவி." ஒரு பக்கம் புரளும் சத்தம் மட்டும். "ஏய், குருவி!" அவளுடைய கால் விரல்கள் சுருங்கி விரிகின்றன, அவ்வளவுதான். வெயில் அவள் மடியிலிருந்து நழுவிச் சுவரில் ஏறுகிறது. அதுவும் அவளுக்குத் தெரியாது. நூலகர் பூரித்துப்போய் அம்மாவின் பக்கம் திரும்புகிறார். "பாத்தீங்களா, மாட்டிக்கிட்டா!" தேறாத புத்தகம் ஒன்று மடியில் விரிந்திருக்க, அம்மாவும் திரும்பவில்லை.