பாராங்கும் பன்னிரண்டு பக்கமும்

ஈப்போவில் ஞாயிறுதோறும் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் பவித்ரன்தான் மந்திரவாதி. பன்னிரண்டு பக்கத் தாள்களில் எழுதிய மந்திரங்களில் ஒன்றை அவன் தேடி எடுப்பதற்குள், வெறும் பாராங் கத்தி வைத்திருக்கும் ஷர்மினி பகடையை உருட்டிப் பேயை வெட்டிவிடுவாள். எல்லாரும் கைதட்டுவார்கள். அவனுக்கு வயிறு எரியும்.

“அவ ஆட்டத்துக்கு மூளையே வேணாம் மச்சான். பாராங்க எனக்குக் குடு,” என்றான், ஆட்டத்தை நடத்தும் மகேந்திரனிடம்.

மாற்றிக்கொண்டார்கள். பவித்ரனுக்குப் பகடையில் ஒன்றுதான் விழுந்தது. கத்தி காற்றை வெட்டியது. ஷர்மினி தாளைத் தொடாமலே ஏழு மந்திரங்களை அடுக்கினாள். பேய் சாம்பலானது. கைதட்டல் மறுபடியும் அவளுக்கே.

“எப்ப மனப்பாடம் பண்ணுன?”

“நான் எழுதுனதுதானே அண்ணே. நீங்க புதுசா வந்தப்ப, நல்லது உங்களுக்கு இருக்கட்டும்னு குடுத்துட்டு, மூளை வேணாததை நான் எடுத்துக்கிட்டேன்லா.”