மஞ்சப்பை கட்டிய மரம்

மெஷின் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு சங்கிலி முதலில் செய்த காரியம், செருப்பைக் கழற்றியதுதான்.

கூட வந்த மூன்று பேரும் கழற்றினார்கள். நேற்று சாயங்காலம்வரை வெறும் வேப்பமரமாக நின்றது, விடிவதற்குள் அம்மனாகிவிட்டிருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சத்துணியும் சுற்றியாகிவிட்டது.

“சாமி மரத்துல கை வைக்க மாட்டேன் சார். எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு,” என்றான் சங்கிலி.

நகராட்சி ஓவர்சீயர் சுருளிராஜனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. இந்த ஒரு மரத்துக்காக இந்தத் தெருவுக்கு அவர் வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை கரண்ட்டை நிறுத்த ஆள் வரவில்லை. இரண்டாம் தடவை மழை. வெட்டினால் ஒரு கூட்டம் வையும், வெட்டாவிட்டால் இன்னொரு கூட்டம் வையும். இருபத்தாறு வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டதில் அலுத்தே போயிருந்தார்.

ஆனால் இந்த மனுவில் நியாயம் இருந்தது. வேர் கிளம்பி, நடைபாதைக் கல்லை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிவிட்டிருந்தது. அதில் இடறி விழுந்துதான் மரத்துக்கு நேர் வீட்டு மலையம்மாளின் இடுப்பெலும்பு முறிந்தது. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்த பொம்பளை. இப்போது உள்ளே பிளேட் வைத்து, ஒன்றரை மாதமாக ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறாள். காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த மரம் நிற்கிறவரை தனக்குத் தூக்கம் வராது என்று அவள் மகன் திலீபன் மனுவில் எழுதியிருந்தான்.

காய்கறி வண்டி ஓட்டுகிறவன். விடிகாலையில் சந்தைக்கு லோடு ஏற்றப் போய்விட்டு ஏழு மணிக்குத் திரும்பியவன், மஞ்சளைப் பார்த்ததும் கொதித்துப்போனான். பக்கத்து வீட்டு அக்கம்மாள் வேலைதான் இது, வெட்டக் கூடாதென்று ஆரம்பத்திலிருந்தே மல்லுக்கு நிற்பவள் அவள்தான் என்று தெருவே கேட்கக் கத்தினான். கவுன்சிலரைக் கூட்டி வந்து, அவர் கண்முன்னாலேயே மஞ்சளைக் கழுவிவிட்டு வெட்டவைக்கிறேன் என்று பைக்கை முறுக்கிக்கொண்டு போனான்.

வேலையாட்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். சுருளிராஜன், வேர் தூக்கிவிட்டிருந்த அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னல் வழியாக மலையம்மாள் பேச்சுக் கொடுத்தாள். வைகாசிப் புழுக்கத்தில் கழுத்துவரை போர்த்தியிருந்தாள். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

“மரம் நிக்கப்போயித்தான் சாரு, போறவக வாறவக நெழலுக்கு ஒதுங்குறாக. அங்கன நின்னு எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுப் போறாக. வெட்டிப்புட்டா, இந்த வெயில்ல எனக்காக யாரு நிப்பா?”

மகனிடம் இதைச் சொல்லலாமே என்றார் அவர். சொல்லாமல் என்ன, பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது, அம்மாவைக் கீழே தள்ளிய மரம் என்பதைத் தவிர அவன் காதில் வேறெதுவும் ஏறவில்லை என்றாள்.

அவர் மரத்தின் பக்கம் திரும்பினார். குங்குமப் பொட்டு அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

உட்கார்ந்திருக்கிற அவர் முகத்துக்கு.

சர்வீஸில் எத்தனையோ சாமி மரங்களைப் பார்த்திருக்கிறார். சனங்கள் தங்கள் நெற்றி உயரத்தில்தான் பொட்டு வைப்பார்கள். இங்கே மஞ்சள் இந்தத் தாழ்ந்த பொட்டுக்குமேல் ஒரு விரல்கூட ஏறவில்லை. துணியும் முழங்கால் உயரத்தில்தான் சுற்றியிருந்தது. அது துணிகூட இல்லை, ஜவுளிக்கடை மஞ்சப்பையைக் கிழித்து முடிந்தது.

குனிந்து பார்த்தார். மரத்தடியிலிருந்து அந்த வீட்டு வாசல்படிவரை, கல்மேல் படிந்த புழுதியில், சாக்கு மூட்டையை இழுத்துப்போன மாதிரி ஒரு தடம் கிடந்தது.

பதினைந்து அடி இருக்கும். அந்த இடுப்போடு வந்து, அந்த இடுப்போடு திரும்பியும் போயிருக்கிறாள்.

ஜன்னலைப் பார்த்தார். மலையம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது.

கல்லைப் பிரித்துவிட்டு வேரைச் சுற்றி மண் விட்டால் போதும், மனுவில் வழிபாட்டு மரம் என்று எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அவர் எழுந்தார். செருப்புக் காலால் புழுதியைத் தேய்த்துக்கொண்டே வாசல்படிவரை போய்த் திரும்பினார். பிறகு செருப்பைக் கழற்றினார். வேர்முட்டில் ஈரம் காயாமல் கிடந்த மஞ்சளையெல்லாம் வழித்து, நின்றபடி தன் நெற்றி உயரம்வரை பூசினார். குங்குமத்தைத் தொட்டு அங்கே ஒரு பொட்டு வைத்தார். மஞ்சப்பையை அவிழ்த்து நெஞ்சு உயரத்தில் ஏற்றிக் கட்டினார்.

திலீபன் கவுன்சிலரோடு வந்து இறங்கியபோது, சுருளிராஜன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.