வெளிநாட்டுச் சொத்து

சுலக்சனா கைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பல்கலைக்கழக உதவித்தொகை எனக்கு இல்லையாம். ஊரிலை எங்களுக்குப் பெரிய சொத்து இருக்காம்."

ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை மீன் உணவகத்தில் பதினெட்டு வருடமாகத் தட்டுக் கழுவும் ஆனந்தராசா, பாதி கழற்றிய சப்பாத்தோடு அப்படியே நின்றார்.

"சொத்தோ? ஆர் சொன்னது?"

"நான்தான். விண்ணப்பத்திலை வெளிநாட்டுச் சொத்தையும் எழுதச் சொன்னவை. ஆறு அறை மாடிவீடும் எட்டுப் பரப்புத் தோட்டமும் எண்டு எழுதினனான்."

"எழுத முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, பிள்ளை!"

"என்னத்தைக் கேக்கிறது? எந்த அறைக்கு என்ன நிறம் எண்டதுகூட எனக்குப் பாடம்!"

உண்மைதான். நகரத்தின் சீசாப் பகுதியில் இந்த ஒற்றை அறைக்குள் அவள் சோற்றைவிட அதிகம் தின்று வளர்ந்தது அந்த வீட்டுக் கதையைத்தான்.

"நீங்கள் சொன்ன மாதிரி வீட்டை ஆமி பிடிச்சிட்டுது எண்டு சொல்லி, காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டினால் விண்ணப்பத்தைத் திருப்பிப் பாப்பினமாம். நாளைக்குக் கடைசி நாள். இல்லாட்டி நானும் அம்மாவோடை லிபெர்த்தாத் தெருவிலை பணக்காரர் வீடு கூட்டப் போறதுதான். உறுதியை எடுங்கோ, அப்பா."

ஆனந்தராசா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

அடுப்படியில் நின்ற அம்மா திரும்பாமலே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இனியாவது பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கோ."

அவர் தலை நிமிரவில்லை.

"அது முதலாளியின்ரை வீடு, பிள்ளை. நாங்கள் அவையின்ரை தோட்டத்திலை கூலி."

"அப்ப நீங்கள் சொன்ன அந்த அறையள்?"

"ஒருநாளும் எங்களை உள்ளுக்கு விட்டதில்லை. தண்ணி இறைக்கேக்கை யன்னலாலை பாத்து எண்ணினது."