பச்சைக் கட்டம்

கணவர் அறைக்குள் வந்ததும் அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"நான் வந்தாலே மூடிடறியே. அப்படி என்னதான் வேலை பாக்கிற?"

"படத்துல இருக்கிற ஆளுங்களைச் சுத்திக் கட்டம் போடணும். அவ்வளவுதான்."

ஆறு மாதமாக இதே பதில்தான். அவருக்கு வேலை போன கையோடு அவளுக்குக் கிடைத்த வேலை அது. எதற்காக அந்தப் படங்கள் என்று மட்டும் அவள் வாய் திறந்ததில்லை.

"திற, பாப்போம்."

வேறு வழியில்லாமல் திறந்தாள். திரையில் ஒரு தெரு. நடந்துபோகிற ஒவ்வொருவரைச் சுற்றியும் பச்சைக் கட்டம்.

"டிரைவர் இல்லாம ஓடற பஸ்ஸுக்கு ஆளுங்களை அடையாளம் காட்டத்தானே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படி..."

"இருபத்திரண்டு வருஷம் நான் பஸ் ஓட்டின ரூட்டு. எனக்குத் தெரியாதா இந்தத் தெரு? இதுல அந்த பஸ்ஸை விடப்போறதாச் சொல்லித்தானே என்னை வீட்டுக்கு அனுப்பினாங்க."

"உங்க வேலையைப் பறிச்ச பஸ்ஸுக்கு நானே பாடம் சொல்லிக் குடுக்கறேன்" என்றாள் அவள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு ஆளை விட்டுட்ட. ரோட்டுல பந்து கிடக்கு பாரு. மரத்துக்குப் பின்னால சின்னக் கால் ஒண்ணு தெரியுது. குழந்தை ஓடி வரும். ஓட்டறது யாரா இருந்தா என்ன, கட்டத்தைப் போடு."