முதல் சொல் ‘ஹவுஸ்’

தினமும் காலை ஏழு மணிக்குக் கீழ்வேளூரில் இர்ஃபானாவும் மஸ்கட்டில் அவள் கணவன் அஸாரும் போனில் ஒரே விளையாட்டை ஆடுவார்கள். ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஆடி முடித்த கட்டங்களைப் படமாக அனுப்பிக்கொள்வார்கள். அஸாரின் முதல் சொல் எப்போதும் ‘ஹவுஸ்’தான்.

“வேற வார்த்தையே தெரியாதா மச்சான்?”

“அதுக்காகத்தானே இங்க வந்து கிடக்கேன்.”

வீடு கட்டி முடிந்தது. நேற்று மாலை அஸார் சொல்லாமல் வந்து வாசலில் நின்றான். நான்கு வயது மகள் ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

இன்று பசியாறிக்கொண்டிருந்தவனிடம் இர்ஃபானா தன் போனை நீட்டினாள்.

“ஒண்ணாவே ஆடலாம், வாங்க.”

அவன் கட்டங்களைப் பார்த்தான். “இது என்னம்மா விளையாட்டு?”

“நடிக்காதீங்க மச்சான்.”

அவன் சிரிக்கவில்லை. இன்னொரு இடியாப்பம் கேட்டான்.

எடுத்து வைக்கும்போது அவள் போன் அதிர்ந்தது. அஸாரின் எண்ணிலிருந்து படம் வந்திருந்தது. முதல் வரியில் ‘ஹவுஸ்’. அதன் கீழே, “மூணாவதுலயே கண்டுபிடிச்சிட்டேன். நாளைக்கு ஃபிளைட் ஏறுறேன். புள்ளைகிட்ட சொல்லிடாத.”

அவள் நிமிர்ந்தாள்.

“யாரும்மா மெசேஜு?” என்று அவன் கேட்டான். மகள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, அவன் ஊட்டியதை மென்றுகொண்டிருந்தாள்.