முன்னால் போன சிவப்புக் கார்

காரில் மாட்டியிருக்கும் காமிரா படத்தோடு பேச்சையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது, போலீஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வெனியமினுக்கு உறைத்தது.

அதற்குள் இன்ஸ்பெக்டர் குசேவ் காமிராவிலிருந்த சின்ன மெமரி கார்டைக் கழற்றித் தன் மடிக்கணினியில் செருகிவிட்டார்.

வெளியே பொடிப்பொடியாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. வெனியமினின் பழைய லாடா கார் விளக்குக் கம்பத்தில் பின்பக்கத்தைக் கொடுத்துவிட்டு, வந்த வழியைப் பார்த்தபடி திரும்பி நின்றது.

"என்ன ஆச்சு?"

"பனிதான். வழுக்கிருச்சு."

"இஷெவ்ஸ்க்ல எல்லாருக்கும்தான் பனி பெய்யுது, வெனியமின் பாவ்லிச். மத்தவங்க எல்லாம் வீடு போய்ச் சேந்துட்டாங்களே. சரி, பாப்போம்."

வெனியமினுக்குப் பயமில்லை. சொல்லப்போனால், பல மாதங்களாக இல்லாத நிம்மதி அவன் மனசில் இருந்தது.

அவன் மனைவி ரிம்மா, அர்காதி என்ற பல் டாக்டரிடம் நர்ஸாக இருந்தாள். சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் அர்காதி புராணம்தான். அர்காதி இப்படிச் சொன்னார், அர்காதி அப்படிச் சிரித்தார். உப்பு ரத்தத்தைக் கெடுக்கும் என்று அர்காதி சொன்னாராம். அன்றிலிருந்து வெனியமினின் சூப்பில் உப்புக் குறைந்தது. ஒவ்வொரு கரண்டி வாய்க்குப் போகும்போதும் அந்த ஆள் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

இன்று மத்தியானம் கிளினிக் வழியாக வந்தபோது அர்காதியின் சிவப்புக் கார் வாசலை விட்டுக் கிளம்பியது. பக்கத்து இருக்கையில் பழுப்பு நிறத்தில் ஒரு ரோமத் தொப்பி தெரிந்தது. ரிம்மாவிடமும் அப்படி ஒன்று உண்டு.

அவ்வளவுதான். வெனியமினின் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தியது.

கடைசியில் என்ன ஆயிற்று? இவன் கம்பத்தில் மோதிய சத்தம் கேட்டுச் சிவப்புக் கார் நின்றது. கதவைத் திறந்துகொண்டு அந்தத் தொப்பி இறங்கியது. அதற்கடியில் அறுபது வயதைத் தாண்டிய கனத்த அம்மாள் ஒருத்தி.

"மாப்பிள்ளை! இந்தக் குடிகாரப் பய நம்மளக் கொல்லப் பாத்தானே!"

நசுங்கிய வண்டிக்குள் உட்கார்ந்தபடி வெனியமின் வாய்விட்டுச் சிரித்தான். வண்டி போனால் போகட்டும். மாமியார்! வெறும் மாமியார்!

அந்தச் சிரிப்பின் மிச்சம் உதட்டில் இருக்கும்போதுதான் குசேவ் படத்தை ஓடவிட்டார்.

முதலில் வந்தது அவன் குரல். ரிம்மாவின் பெயரும், அதோடு சேர்த்து அவள் முகத்துக்கு நேரே அவன் ஒருநாளும் சொல்லத் துணியாத ஒரு வார்த்தையும். குசேவ் திரும்பிப் பார்க்காமல் ஒலியைக் குறைத்தார்.

கார் டிராம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியது. ரொட்டி வண்டியை எதிர்ப்பக்கமாகப் போய் முந்தியது. சிவப்பு விளக்கை மதிக்காமல் பறந்தது. முன்னால் போகும் சிவப்புக் கார் மட்டும் படத்தின் நடுவிலிருந்து நகரவேயில்லை.

பிறகு, பாதசாரிகள் கடக்கும் கோடுகள். ஒரு பெண் சாலையில் காலை வைத்துவிட்டாள்.

வெனியமின் நிமிர்ந்தான். அங்கே ஒரு பெண் இருந்ததே அவனுக்குத் தெரியாது.

அவள் பின்னால் துள்ளினாள். நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளிதான் இருந்திருக்கும். கார் வழுக்கியது, தெருவே ஒரு சுற்றுச் சுற்றியது, மோதல், குலுக்கல். வெனியமின் அப்போது கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகச் சிவப்புக் காரைத்தான் தேடிக்கொண்டிருந்தான். காமிரா மட்டும் அந்தக் கோடுகளைப் பார்த்து அசையாமல் நின்றது.

ஓரத்துப் பனிக்குவியலில் கையூன்றிக் கிடந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

ரிம்மா.

சாயங்காலம் வரை கிளினிக்கில் வேலை என்று காலையில் சொல்லிவிட்டுப் போனவள் அவள்.

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த நெட்டையான ஒருவன் ஓடி வந்தான். முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டான். முதலில் தோளில், பிறகு முழங்காலில்.

ரிம்மா காரைப் பார்த்தாள். நம்பர் பலகை அவளுக்கு நேராக இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். கிட்டே வரவில்லை.

அவனிடம் என்னவோ சொன்னாள். அவன் அவள் உயரத்துக்குக் குனிந்து கேட்டான். பிறகு இருவரும் பக்கத்துச் சந்துக்குள் போய் மறைந்தார்கள். அவன் கை அவள் முழங்கையை விடவில்லை.

குசேவ் திரும்பினார். வெனியமினின் முகம் வெளுத்துப் போயிருப்பதைக் கண்டதும் அவர் குரல் இளகியது.

"விடுங்க. இந்த வேலையில எத்தனையோ பேரைப் பாத்துட்டேன், பாதிப் பேரு மொகத்துல துளி வருத்தம்கூட இருக்காது. உங்களுக்கு மனசு இருக்கு. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகல, பாருங்க, எந்திரிச்சு நடந்துதானே போறாங்க? புகார்கூடக் குடுக்கல."

"கொஞ்சம் பின்னால ஓட்டுங்க," என்றான் வெனியமின்.

குசேவ் ஓட்டினார். அந்தக் கால் சாலையில் இறங்கியது, துள்ளியது, அவள் மறுபடியும் விழுந்தாள்.

"இங்கயா?"

"இல்ல, இன்னும் தள்ளி. அவன் குனியறான்ல, அங்க நிறுத்துங்க." வெனியமின் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். "பெருசாக்க முடியுமா? ஆளு யாருன்னு தெரியல."